4,500 கிலோ கயிறு, 300 கிலோ கட்டை: மரம் இறக்கும் வேலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டையின் எடை சுமார் 300 கிலோ. அதைக் கட்டியிருந்த கயிற்றின் லேபிளில், அறுபடும் எடை 4,500 கிலோ என்று போட்டிருந்தது. ஆனாலும் கயிறு அறுந்தது. கட்டை கீழே இருந்த ஷெட்டின் தகரக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய் விழுந்தது. யாருக்கும் அடியில்லை, ஷெட்டுக்குள்ளும் அப்போது ஆள் இல்லை. மறுநாள் கருவிகளைப் பார்த்துச் சொல்லும்படி குழுவினர் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அறுந்த கயிறு, கப்பி, கப்பியை மரத்தில் கட்டும் ஸ்லிங் என்ற சுற்றுக்கயிறு, தூரில் கட்டிய பிரேக் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. எதையும் கலைக்காமல் வைத்திருந்ததற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். வழக்கமாக இப்படி ஏதாவது நடந்தால் முதல் வேலையாக எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டி வண்டியில் போட்டுவிடுவார்கள். அப்புறம் காரணம் என்று யார் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

நான் போய்ச் சேர்வதற்குள் குழுவுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். கயிறு மெலிசு, அடுத்த வேலைக்கு 16 மி.மீ. கயிறு வாங்கிவிடலாம் என்பது அந்த முடிவு. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். அதே கட்டையை அதே மாதிரி 16 மி.மீ. கயிற்றில் இறக்கியிருந்தால் கயிறு தப்பித்திருக்கும். கயிறு தப்பித்திருந்தால் ஸ்லிங் போயிருக்கும், அதுவும் மரத்தில் ஏறி வெட்டியவரின் முகத்துக்கு நேராக. எப்படி என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

வேலை அமைந்திருந்த விதம்

நல்ல உயரமான தைல மரம். கிளைகளையும் நுனியையும் முதலிலேயே இறக்கியாயிற்று. மொட்டையாக நின்ற மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்குவதுதான் மிச்சம். பக்கத்தில் கயிறு கட்டுவதற்கு வேறு உயரமான மரம் இல்லை. கிரேன் உள்ளே வர வழியும் இல்லை. ஆகவே கப்பி மாட்டும் இடம், வெட்டுக்குக் கீழே அதே மரத்தில்தான் அமைய முடியும்.

மரம் இறக்கும் வேலையில் கருவிகளை அதிகம் சோதிப்பது இந்த அமைப்புதான். சுமைக்கு மேலே கப்பி இருந்தால், அறுபட்ட கட்டை கயிற்றில் அப்படியே தொங்கிக்கொள்ளும். கப்பி கீழே இருந்தால் கட்டை முதலில் விழுந்தாக வேண்டும். சாய்ந்து, கப்பியைத் தாண்டிக் கீழே போய், கயிறு விறைத்த பிறகுதான் நிற்கும். அந்த விறைக்கும் கணத்தில் வருவது எடை இல்லை, சுண்டியிழுப்பு.

கப்பி 9 மீட்டர் உயரத்தில் இருந்தது. 16 மி.மீ. பாலியஸ்டர் ஸ்லிங்கை மரத்தில் சுற்றிப் பூட்டி, அதில் மாட்டியிருந்தார்கள். மரவேலைக்கென்றே செய்த கப்பி அது: கயிறு ஓட ஒரு பெரிய சக்கரம், ஸ்லிங் உட்கார இன்னொரு உருளை, இரண்டையும் மூடும் கனமான பக்கத் தகடுகள். இறக்கும் கயிறு 12 மி.மீ. பாலியஸ்டர், இரட்டைப் பின்னல்: உள்ளே ஒரு பின்னல், அதை மூடி வெளியே இன்னொன்று. அதன் ஒரு முனை வெட்டுக்கு 25 செ.மீ. மேலே, கட்டையில் ஓடு சுருக்காகப் போட்ட போலைன் முடிச்சில். மறு முனை கப்பி வழியாக இறங்கி, மரத்தின் தூரில் கட்டிய இரும்பு உருளையில் சுற்றி, கயிறு பிடிப்பவரின் கைக்கு வருகிறது. அந்த உருளைதான் பிரேக். அதில் எத்தனை சுற்று போடுகிறோமோ அந்த அளவுக்குக் கயிறு பிடிக்கும்.

ஏறியவரின் சொந்தப் பாதுகாப்பு சரியாகவே இருந்தது. அவருடைய ஏறுகயிறு கப்பியின் ஸ்லிங்கைத் தொடவே இல்லை. தனியாக, கீழே, வேறு சுற்றில் இருந்தது. இடுப்பில் இரண்டாவது பிடிப்பாக, மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் லேன்யார்டு என்ற குட்டைக் கயிறு, உள்ளே ஸ்டீல் கம்பி ஓடுவது. செயின்சா பட்டால் துணிக்கயிறு நொடியில் போய்விடும், ஸ்டீல் கம்பி கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். கயிறு பிடித்தவரும் கட்டை விழக்கூடிய இடத்தை விட்டு விலகித்தான் நின்றிருந்தார். அடிபடாமல் தப்பித்ததை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த ஒழுங்குதான் அவர்களைக் காப்பாற்றியது.

கயிற்றை அறுத்த கட்டைக்கு முந்தைய கட்டை இறங்கியபோது நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது பிரேக்கில் 2 சுற்றுதான் இருந்தது. கட்டை நினைத்ததைவிட அதிகமாக ஓடி, ஷெட் கூரைக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது. கயிறு பிடித்தவரின் கையுறை சூடாகிவிட்டது. எல்லோருக்கும் பக்கென்று இருந்திருக்கிறது. அடுத்த கட்டைக்கு மேலிருந்து குரல் வந்தது: “அண்ணே, இந்தத் தடவ இறுக்கிப் புடிங்க, ஷெட்டுல பட்டுரப் போவுது!” கீழிருந்து பதில்: “சரிப்பா, நீ வெட்டு.” பிரேக்கில் 4 சுற்று விழுந்தது.

எடையைக் கண்ணால் அளந்தது

அடுத்த கட்டை எவ்வளவு இருக்கும் என்று நினைத்தீர்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: முந்தையதைவிடக் கொஞ்சம் கூட.

ஷெட்டுக்குள் கிடந்த கட்டையை டேப் வைத்து அளந்தேன். நீளம் 1.6 மீட்டர், நடுவில் விட்டம் 48 செ.மீ. முந்தைய கட்டையும் அதே 1.6 மீட்டர்தான், விட்டம் 35 செ.மீ. பார்வைக்கு ஒரு சாண் கூட வித்தியாசம் இல்லை. ஆனால் எடை விட்டத்தோடு நேராக ஏறுவதில்லை, விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. 35 செ.மீ. கட்டையின் கன அளவு 0.15 கன மீட்டர், 48 செ.மீ. கட்டை 0.29 கன மீட்டர். பச்சைத் தைல மரம் கன மீட்டருக்கு 1,000 கிலோவை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ இருக்கும், தண்ணீரைப் போலத்தான். ஆக முதல் கட்டை 160 கிலோ, இரண்டாவது 300 கிலோ. “கொஞ்சம் கூட” என்று தோன்றியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வரும் எல்லா வேலையிலும் இந்தக் கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடத் தடிமன். நீளத்தை மாற்றாமல் அறுத்துக்கொண்டே வந்தால் எடை தானாக ஏறிக்கொண்டே போகும். தடிமன் ஏற ஏற நீளத்தைக் குறைப்பதுதான் முறை. விட்டம், நீளம், எடை மூன்றும் போட்ட ஒரு சின்ன அட்டையை லேமினேட் செய்து செயின்சா பெட்டியில் ஒட்டிவைத்தால் போதும். கணக்குப் போடும் மனநிலை 9 மீட்டர் உயரத்தில் யாருக்கும் இருக்காது, அட்டையைப் பார்க்கும் பொறுமை இருக்கும்.

எவ்வளவு தூரம் விழுந்தது

கட்டையின் நடுப்புள்ளி கப்பிக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரம் அது விழும். மேலே இருந்த அளவுக்குக் கப்பிக்குக் கீழேயும் போன பிறகுதான் கயிறு விறைக்கிறது என்பதால் இப்படி. கயிற்றில் தொய்வு இருந்தால் அதுவும் சேரும்.

இங்கே கப்பி வெட்டிலிருந்து 40 செ.மீ. கீழே இருந்தது. மரத்தில் ஸ்லிங் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே பட்டை நான்கு விரல் அகலத்துக்கு உரிந்து, உள்மரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. முதலில் சுமார் 30 செ.மீ.யில் கட்டியது, முந்தைய கட்டை இழுத்த இழுப்பில் வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. யாரும் அதை மறுபடி மேலேற்றவில்லை. கட்டையின் நடுப்புள்ளி வெட்டிலிருந்து 80 செ.மீ. மேலே. இரண்டும் சேர்ந்து 1.2 மீட்டர். விழுந்த தூரம் 2.4 மீட்டர்.

300 கிலோ 2.4 மீட்டர் விழுகிறது. இதை நிறுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று கேட்டால், பதில் கட்டையிடம் இல்லை. எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடித்தால் வலிக்காது, கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் போகும். கணக்கும் அதேதான். விழுந்த தூரத்தையும் நிற்க எடுத்த தூரத்தையும் கூட்டி, நிற்க எடுத்த தூரத்தால் வகுத்து, எடையால் பெருக்கினால் சராசரி விசை வந்துவிடும்.

பிரேக்கில் கயிறு கொஞ்சமும் வழுக்கவில்லை என்றால், நிற்க எடுக்கும் தூரம் கயிறு நீளும் அளவு மட்டும்தான். கட்டையிலிருந்து கப்பி வழியாகத் தூர் வரைக்கும் கிட்டத்தட்ட 10 மீட்டர் கயிறு. இந்த வகை பாலியஸ்டர் அதிகம் நீளாது; இப்படியொரு இழுப்புக்கு இந்த நீளத்தில் 60 செ.மீ. வரை கொடுக்கும். சராசரி விசை 300 கிலோவின் 5 மடங்கு, அதாவது 1,500 கிலோ. கயிறு ஸ்பிரிங் மாதிரி நீள நீள விசை ஏறுவதால், கடைசிக் கணத்தில் உச்சம் சராசரியைப் போல இரண்டு மடங்கு: 3,000 கிலோ. மரம் வளைந்து கொடுப்பதும் முடிச்சு இறுகுவதும் இதைக் கொஞ்சம் குறைக்கும். கப்பியில் வரும் உராய்வு, கட்டைப் பக்கத்துச் சின்ன நீளத்தின் மேல் விசையைக் கொஞ்சம் கூட்டும். துல்லியமான எண் என்று நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் எடையைப் போல 10 மடங்கு என்ற அளவில்தான் விஷயம் நடந்திருக்கிறது.

கயிறு ஓடியிருந்தால்? கட்டை எவ்வளவு தூரம் விழுந்ததோ அவ்வளவு தூரம் பிரேக்கில் ஓடவிட்டு, சீராக நிறுத்தியிருந்தால், வகுத்துப் பாருங்கள்: 2.4 கூட்டல் 2.4, வகுத்தல் 2.4. இரண்டு மடங்கு. 600 கிலோ. அதே கட்டை, அதே கயிறு, அதே கப்பி. 3,000 கிலோவுக்குப் பதிலாக 600 கிலோ. இந்த ஒரு வரிக் கணக்கை மரம் இறக்கும் ஒவ்வொரு குழுவும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஓடவிட இடம் இருந்ததா என்பது நியாயமான கேள்வி. இருந்தது. கயிறு விறைக்கும்போது கட்டையின் கீழ்முனை தரையிலிருந்து 7 மீட்டரில் இருந்திருக்கும். ஷெட் கூரை 3 மீட்டர். நடுவில் 4 மீட்டர் காலி இடம். தேவைப்பட்டது 2.4. முந்தைய கட்டை கூரைக்கு அருகில் வந்து பயமுறுத்தியதற்குக் காரணம் ஓடவிட்டது இல்லை. 2 சுற்றில் கை தளர்ந்ததால் கட்டுப்பாடில்லாமல் ஓடியது. அதற்கு மருந்து ஒரு சுற்று கூட்டுவது. இவர்கள் இரண்டு கூட்டிவிட்டார்கள்.

நான்கு சுற்று

ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். இங்கேதான் உருளையின் குணம் ஏமாற்றுகிறது. உருளையில் சுற்றிய கயிற்றின் பிடிப்பு கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். கணித மேதை ஆய்லரின் பெயரில் வழங்கும் பழைய சூத்திரம் இதைச் சொல்கிறது. கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவே உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொண்டால், 1 சுற்றில் கை பிடிக்கும் விசை மூன்றரை மடங்காகிறது. 2 சுற்றில் 12 மடங்கு. 3 சுற்றில் 43 மடங்கு. 4 சுற்றில் 150 மடங்கு.

கையால் 20 கிலோ அளவுக்குப் பிடித்துக்கொண்டால், அது சாதாரணப் பிடிதான், 2 சுற்றில் 240 கிலோவை நிறுத்தும். விழுந்து வரும் 300 கிலோ நிற்காமல் ஓடும். 3 சுற்றில் 14 கிலோ பிடித்தால் 600 கிலோ வரும், நமக்கு வேண்டிய அளவு. 4 சுற்றில் அதே 20 கிலோ பிடி 3,000 கிலோ ஆகிறது. அதாவது கயிறு அறுகிற விசையை எட்டும் வரை உருளையில் நகரவே நகராது. 4 சுற்று போட்ட கணத்திலேயே பிரேக் பிரேக்காக இல்லாமல் வெறும் முளையாகிவிட்டது. அதன் பிறகு கயிறு பிடித்தவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

உராய்வு எண் நிலையானது இல்லை. ஈரமான கயிறு ஒரு மாதிரி ஓடும், பிசின் ஏறிய கயிறு வேறு மாதிரி, வர்ணம் தேய்ந்து வழுவழுப்பான உருளை இன்னொரு மாதிரி. அதனால்தான் எந்த வேலையிலும் முதல் கட்டையைச் சின்னதாக வெட்டி, பிரேக் இன்றைக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள் அனுபவசாலிகள். அது நேரத்தை வீணாக்குவதாகச் சிலருக்குப் படும். எனக்கு அது அன்றைய வேலையிலேயே மதிப்புள்ள ஐந்து நிமிடம்.

குரல் பற்றியும் ஒரு வார்த்தை. “இறுக்கிப் புடிங்க” என்றால் ஏறியவர் மனதில் இருந்தது, போன தடவை மாதிரி ரொம்ப ஓடவிடாதீர்கள் என்பது. கீழே இருந்தவருக்குக் கேட்டது, நிறுத்திவிடுங்கள் என்பது. செயின்சா ஓடும் சத்தத்தில், ஹெல்மெட்டும் காதுமூடியும் போட்டுக்கொண்டு, விளக்கம் கேட்க யாருக்கும் தோன்றாது. பிடிக்கும் அளவுக்கு மூன்று சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் போதும்: “ஓட விடு”, “மெதுவா”, “நிறுத்து”. கட்டைக்கு எத்தனை சுற்று என்பதை எண்ணாகவே சொல்லி, அதே எண் திரும்பி வந்த பிறகுதான் செயின்சாவைக் கிளப்ப வேண்டும்.

அறுந்த முனை

கயிறு முடிச்சுக்குள் நுழையும் இடத்தில் அறுந்திருந்தது. பெரும்பாலும் அங்கேதான் அறும். கயிறு கூர்மையாக வளையும் இடத்தில் வெளிப்பக்க இழைகள் முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ள, உள்பக்க இழைகள் சும்மா இருக்கும். போலைன் வகை முடிச்சு கயிற்றின் பலத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. நன்றாகப் போட்ட ஸ்பிளைஸ், அதாவது முடிச்சில்லாமல் கயிற்றை அதற்குள்ளேயே கோத்து முடித்த முனை, 10 சதவீதத்தை ஒட்டித்தான் எடுக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அவிழ்த்துக் கட்ட வேண்டிய முனையில் ஸ்பிளைஸுக்கு வழியில்லை. லேபிளில் இருக்கும் 4,500, புதுக் கயிற்றை முடிச்சே இல்லாமல் மெதுவாக இழுத்துப் பார்த்த எண். முடிச்சோடு அது 2,700இலிருந்து 3,150க்குள் வந்துவிடுகிறது. வந்த விசை 3,000.

அதிலும் இது புது முனை இல்லை. அறுந்த துண்டைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தேன். முடிச்சிலிருந்து முக்கால் மீட்டர் வரை கயிறு தட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தது. அதற்கு அப்பால் உருண்டையாக, மெத்தென்று இருந்தது. வெளிப்பின்னலின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. நகத்தால் கீறினால் சரசரவென்று சத்தம் வந்தது. பாலியஸ்டர் 260 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும்; இறுகிய முடிச்சில் கயிறும் கயிறும் உரசும்போது மேலிழைகள் உருகி ஒட்டி இப்படி மினுங்கும். உள்பின்னலைப் பிரித்துப் பார்த்தபோது இழைகள் ஒரே இடத்தில் அறுந்திருக்கவில்லை. சில நீளமாக, சில குட்டையாக, நுனியில் ஊசித்தலை அளவு கடினமான மணிகளோடு. செயின்சாவோ கூரான விளிம்போ வெட்டியிருந்தால் எல்லா இழையும் ஒரே கோட்டில் போயிருக்கும். ஆக இது வெட்டு இல்லை, இழுபட்டு அறுந்ததுதான்.

கயிறு வாங்கியதிலிருந்து இதே முனையில்தான் முடிச்சுப் போட்டுவந்தார்கள். மறுமுனையில் ஒட்டிய லேபிள் கிழிந்துவிடக் கூடாது என்று அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். 40 மீட்டர் கயிற்றில் ஒரு மீட்டர் மட்டும் எல்லாச் சுண்டியிழுப்பையும் எல்லா முடிச்சையும் வாங்கியிருக்கிறது. அவ்வப்போது முனையில் ஒன்றிரண்டு மீட்டரை வெட்டி எறிவதும், கயிற்றைத் தலைகீழாக மாற்றிப் பயன்படுத்துவதும் எந்தச் செலவும் இல்லாத பழக்கங்கள். முடிச்சுக்கும் கப்பிக்கும் நடுவே, கட்டையில் ஒரு அரைச்சுருக்கு கூடுதலாகப் போட்டாலும் இழுப்பில் ஒரு பங்கைக் கட்டையின் உராய்வு வாங்கிக்கொள்ளும். இங்கே அது இல்லை.

பரிசோதனைக்கு என்று இவர்களிடம் ஒரு நோட்டு இருந்தது. ஹார்னஸ் என்ற உடம்புப் பட்டை, ஏறுகயிறு, லேன்யார்டு எல்லாம் தேதி போட்டுப் பதிவாகியிருந்தன. இறக்கும் கயிறும் ஸ்லிங்கும் கப்பியும் அதில் இல்லை. ஆள் தொங்கும் கருவி வேறு, கட்டை தொங்கும் கருவி வேறு என்ற எண்ணம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டுத் தூக்குகருவி விதிகள் ஆட்களைத் தூக்கும் கருவிகளுக்கும், சுமையை மாட்டும் ஸ்லிங், ஷேக்கிள் போன்ற துணைக்கருவிகளுக்கும் ஒரே கெடுவைத்தான் வைத்திருக்கின்றன: 6 மாதத்துக்கு ஒரு முறை தகுதியான ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும். அது சரியான பார்வை. கட்டையைத் தாங்கும் ஸ்லிங் அறுந்தால் முதலில் அடிபடுவது அதே மரத்தில் தொங்கும் ஆள்தான்.

தடித்த கயிறு வாங்கியிருந்தால்

இப்போது குழுவின் முடிவுக்கு வருவோம். 16 மி.மீ. கயிறு பலமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தடித்த கயிறு குறைவாக நீளும். நீளாத கயிற்றில் கட்டை இன்னும் குட்டையான தூரத்தில் நிற்கும், உச்ச விசை ஏறும். அதே 300 கிலோ, அதே 2.4 மீட்டர், அதே 4 சுற்று என்றால், என் கணக்கில் 3,000 கிலோ 3,800 கிலோவாகிறது. புதிய 16 மி.மீ. கயிறு முடிச்சோடுகூட அதைத் தாங்கிவிடும்.

கப்பியைப் பாருங்கள். கயிறு கட்டைப் பக்கம் கீழே போகிறது, பிரேக் பக்கமும் கீழே போகிறது. இரண்டு பக்கமும் ஒரே திசையில் இழுப்பதால், கப்பியையும் ஸ்லிங்கையும் இழுக்கும் விசை கயிற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடந்த சம்பவத்திலேயே ஸ்லிங்கின் மேல் 6,000 கிலோவை ஒட்டி வந்திருக்கும். ஸ்லிங்கின் லேபிள் 7,000. தடித்த கயிற்றோடு அது 7,600 ஆகியிருக்கும். மரத்தைச் சுற்றிச் சுருக்காகப் பூட்டிய ஸ்லிங் லேபிள் எண்ணை முழுசாகத் தாங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு அறுந்தபோது கட்டை விழுந்தது, கயிற்றின் வால் சீறிக்கொண்டு போனது, அவ்வளவுதான். ஸ்லிங் அறுந்திருந்தால் கட்டையோடு கனமான இரும்புக் கப்பியும் ஏறியவருக்கு ஒரு கை தூரத்தில், அவருடைய லேன்யார்டையும் கயிறுகளையும் உரசிக்கொண்டு போயிருக்கும். ஸ்லிங்கையும் தடிப்பாக்கிவிடலாமே என்றால், அடுத்து கப்பி. கப்பியும் பெரிதாக்கினால் கடைசியில் மரம். மரத்துக்கு லேபிள் கிடையாது. உள்ளே உளுத்திருந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். இந்த மரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன், சத்தம் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் கயிறு விறைத்தபோது மரம் தன்னை முன்னும் பின்னும் உலுக்கியெடுத்ததாக ஏறியவர் சொன்னார். இன்னும் 800 கிலோ கூடுதலாக உலுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை.

டைனீமா மாதிரியான அதிபலக் கயிறு வாங்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். ஸ்லிங்குக்கு அது நல்ல பொருள். இந்த மாதிரிக் கட்டையைப் பிடிக்கும் கயிறாக வேண்டாம். நீட்சி மிகக் குறைவு, சுண்டியிழுப்பு இன்னும் மோசமாகும். போதாததற்கு 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், பிரேக் உருளையின் சூட்டுக்கு அது தாங்காது. நைலான் நன்றாக நீளும் என்பது உண்மைதான். ஆனால் நனைந்தால் பலம் 10 முதல் 15 சதவீதம் குறையும், நீண்ட கயிற்றில் கட்டை எங்கே நிற்கும் என்று சொல்லவும் முடியாது. கூரைக்கு மேலே அது உதவாது.

மிச்ச மரம்

குழுவினரோடு உட்கார்ந்து பேசி, மீதியை வேறு மாதிரி இறக்கினோம். கயிறு மீண்டும் 12 மி.மீ.தான், புதுசு. கட்டையின் நீளத்தை 80 செ.மீ.க்குக் குறைத்தோம். ஸ்லிங்கை ஒவ்வொரு வெட்டுக்கும் அவிழ்த்து, வெட்டிலிருந்து 20 செ.மீ.க்குள் இறுக்கிக் கட்டினோம். நீளம் பாதியானால் எடையும் பாதி, விழும் தூரமும் பாதி. 150 கிலோ 1.2 மீட்டர் விழுவதன் ஆற்றல், 300 கிலோ 2.4 மீட்டர் விழுவதில் நாலில் ஒரு பங்கு. பிரேக் பூட்டிக்கொண்டாலும்கூட அது கயிற்றை அறுக்கும் அளவுக்கு வராது. வேலை இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. அதைப் பற்றி ஒருவர் முணுமுணுத்தார், நியாயம்தான், செயின்சாவோடு மேலே நின்றவர் அவர்.

முதல் கட்டைக்கு 3 சுற்றில் ஆரம்பித்து, ஓட்டம் போதவில்லை என்று தெரிந்ததும் இரண்டரைக்குக் குறைத்தோம். கயிறு பிடித்தவர் கட்டை சாயும்போதே தொய்வை வாங்கிக்கொண்டு, விறைக்கும் நேரத்தில் கையைத் தளர்த்தி ஓடவிட்டு, பிறகு மெல்ல இறுக்கினார். இரண்டாவது கட்டைக்குள் அவருக்கு அது கைவந்துவிட்டது. மரம் ஆடுவது நின்றே போனது என்று மேலிருந்து சொன்னார்கள்.

பழைய கயிற்றில் அறுந்த முனையை வெட்டிவிட்டு மீதியைச் சின்னக் கிளைகளுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கட்டையிலிருந்து பிரேக் வரைக்கும் அந்தக் கயிற்றில் 3,000 கிலோ போயிருக்கிறது, கப்பியில் வளைந்த இடத்திலும் உருளையில் இறுகிய இடத்திலும் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இரண்டடித் துண்டுகளாக வெட்டிப் போட்டார்கள். முழுசாக விட்டால் யாராவது எடுத்து மறுபடி கட்டிவிடுவார்கள். ஸ்லிங்கில் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் லேபிள் எண்ணை ஒட்டி ஒரு முறை இழுபட்டது என்பதால் அதையும் வெட்டச் சொன்னேன். கப்பியின் தகடுகளைக் கழற்றி, அச்சையும் துளைகளையும் அளந்து பார்த்தோம். சக்கரம் தடையில்லாமல் சுற்றியது, துளைகள் நீள்வட்டமாகவில்லை, அச்சு நேராக இருந்தது. அதைத் தேதி போட்டு நோட்டில் ஏற்றி, திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.